வாத்துக்கும் சேர்த்து வீடு கேட்ட வேம்பு அக்கா

திருக்காட்டுப்பள்ளியில் எங்கள் சந்துக்கு வேம்பு அக்கா குடிவந்தபோது நான் கல்யாணமாகி வந்த புதுசு. அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும். கொல்லையில் நின்று பேசினால் வார்த்தைக்கு வார்த்தை கேட்கும். அதனால் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

அக்காவுக்கு மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமம். அக்காவும் அவர் வீட்டுக்காரர் மருதையன் அண்ணனும் அங்கே ஒரு பண்ணையில் நடவு, அறுப்பு என்று வேலை பார்த்தவர்கள். கூலித் தகராறு வந்த வருஷம் பண்ணை மனையில் இருந்த குடிசைகளை எல்லாம் பிரித்துப் போட்டுவிட்டார்கள். பிழைப்புத் தேடி இரண்டு பேரும் இங்கே வந்து அரிசி ஆலையில் சேர்ந்தார்கள். அண்ணன் மூட்டை தூக்கினார். அக்கா களத்தில் அவித்த நெல்லைக் காலால் கிளறிக் காயவைப்பார். பிள்ளை இல்லை. யாராவது கேட்டால், "ஈசன் கொடுக்கல. அவருக்கு என்ன கஷ்டமோ" என்பார். சாமியின்மேல் கோபப்பட்டு நான் அவரைப் பார்த்ததே இல்லை.

ஒருநாள் ஆலையில் மூட்டை அடுக்கின்மேல் அண்ணன் நிற்கும்போது அடி மூட்டை சரிந்துவிட்டது. விழுந்ததில் இடுப்பில் அடி. தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒருவழியாக எழுந்து வந்தார். கம்பு ஊன்றி நடக்கலாம் என்றுதான் டாக்டர் சொல்லி அனுப்பினார். அண்ணன் நடக்கவில்லை. கொல்லையில் முருங்கை மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். சாப்பிடக் கூப்பிட்டால் "ம்" என்பார். தண்ணீர் வேணுமா என்றால் "வேணாம்" என்பார். அதற்குமேல் பேச்சு கிடையாது. வந்து பார்த்த ஆலைக்காரர்களிடம்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மலரு, கல்லுச் சாமிகூட ஒரு நாளு இல்லாட்டி ஒரு நாளு பூவைத் தள்ளிப் பதில் சொல்லுது. இந்த மனுசன் சொல்ல மாட்டேங்கிறாரு" என்று அக்கா என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார்.

அப்போதுதான் அந்த வாத்து வந்தது.

அறுப்பு முடிந்த வயல்களில் மேய விடுவதற்கு வாத்துக்காரர்கள் மந்தை மந்தையாக ஓட்டிக்கொண்டு வருவார்கள். அந்தத் தை மாதம் ஒரு மந்தை ஆலைப் பக்கமாகப் போனது. போன பிறகு பார்த்தால் களத்து நெல்லில் ஒரு வாத்து மட்டும் நின்று சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்தது. அக்கா அதைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். மந்தை ஒரத்தநாட்டுப் பக்கம் போயே போய்விட்டது. தேடி வந்தால் கொடுத்துவிடலாம் என்று முந்தானையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். யாரும் தேடி வரவில்லை.

கட்டிலுக்குக் கீழே நிழல் இருந்ததால் வாத்து அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. அண்ணன் கம்பால் தட்டி "ச்சூ" என்றார். அது போகவில்லை. அவர் கால்விரலைக் கொத்திப் பார்த்தது. சில நாள் கழித்துச் சுவருக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த எனக்கு அண்ணன் குரல் கேட்டது.

"ஏண்டி செல்லி, சோத்தைத் தண்ணியில தோச்சாத்தான் திம்பியோ? ராசா வீட்டுப் பொண்ணா நீ?"

நான் கையில் இருந்த ஈரத்துணியோடு அப்படியே நின்றேன். எட்டிப் பார்த்தால் அக்கா அடுப்படி வாசலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "விறகு ஈரம், ஒரே புகை" என்றார். அடுப்பு எரியவே இல்லை.

அண்ணன் வாத்திடம் மட்டும்தான் பேசினார். இருந்தாலும் வீட்டில் ஒரு ஆண் குரல் கேட்டது. அக்காவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் சிவசாமி ஐயா. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு கிராமத்தில் இருந்தார். கொஞ்சம் நஞ்சையும் இந்த வீடும்தான் அவருக்குச் சொத்து. மூக்குப்பொடி போடுவார், தும்முவார், சத்தமாகப் பேசுவார், ஆனால் மோசமான மனுஷர் இல்லை. வீட்டுக்கு எழுத்து, பத்திரம் ஒன்றும் கிடையாது. சித்திரை பிறந்து முதல் வெள்ளிக்கிழமை அவர் வருவார். குடியிருப்பவர்கள் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழத்தோடு அந்த மாத வாடகையையும் வைத்து நீட்டுவார்கள். அவர் ஒரு வெற்றிலையை எடுத்துத் தொடையில் துடைத்து, சுண்ணாம்பு தடவி வாயில் போட்டால் இன்னொரு வருஷத்துக்கு வீடு நம்முடையது. எது கேட்பதானாலும் அதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும். வெற்றிலை வாய்க்குள் போய்விட்டால் அதன் பிறகு அந்த வருஷம் முழுக்க ஒரு பேச்சும் எடுபடாது.

அந்த வருஷம் கேட்பதற்கு அக்காவுக்கு நிறைய இருந்தது. அடுப்படிப் பக்கம் கூரை மரத்தைக் கரையான் தின்று, ஓடு சரிந்துகொண்டே வந்தது. ஐப்பசி மழையில் அக்கா குடை பிடித்துக்கொண்டு குழம்பு வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். கொல்லைச் சுவரில் கை நுழைகிற அளவு விரிசல். இது போதாதென்று வாத்து வேறு. இந்தச் சந்தில் குடியிருப்பவர்கள் ஆடு, கோழி எது வளர்ப்பதானாலும் வீட்டுச் சொந்தக்காரரைக் கேட்டுக்கொண்டுதான் வளர்க்க வேண்டும்.

முதல் நாள் சாயங்காலம் அக்கா என்னிடம் வந்து ஒத்திகை பார்த்தார்.

"மலரு, ஓட்டை முதல்ல சொல்லவா, வாத்தை முதல்ல சொல்லவா?"

"ஓட்டைச் சொல்லுங்கக்கா. பெருசைக் கேட்டுட்டுச் சின்னதைக் கேட்டா, சரி போகுதுன்னு விட்டுருவாரு."

"ரெண்டுல எது பெருசுங்கிறே? ஓடு ஒழுகினா குடை இருக்கு. வாத்து போனா அவரு வாயி மூடிக்கும்டி."

 "அப்ப வாத்தை முதல்ல சொல்லுங்க" என்றேன்.

இவ்வளவு யோசித்த நாங்கள் ஒன்றை யோசிக்கவில்லை. பங்குனி வெயிலில் வாத்து வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறதே என்று அக்கா கொல்லை மூலையில் நாலு மூங்கில் குச்சியை நட்டு, மேலே பழைய தென்னங்கீற்றைக் கட்டியிருந்தார். முழங்கால் உயரம்தான். கேட்பதற்கு முன்னாலேயே செய்துவிட்டார். எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

அது எந்தக் காலம் என்று சொன்னால்தான் இது புரியும். கிராமத்தில் மிராசுதார் மனையில் குடிசை போட்டு இருக்கிற விவசாயத் தொழிலாளிக்கே அந்த மனை சொந்தம் என்று சட்டம் வந்த சமயம் அது. உழுகிற குத்தகைக்காரர்கள் தாலுகா ஆபீசில் பேரைப் பதிந்துகொண்டிருந்தார்கள். சிவசாமி ஐயாவின் நஞ்சையை உழுத பஞ்சநாதன் என்பவரும் பதிந்துவிட்டார். பஞ்சநாதனின் அப்பா காலத்திலிருந்து உழுத நிலம், அவர் பதிந்ததில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் ஐயாவுக்கு அது பெரிய அடி. "நிலம் என் பேர்ல இருக்கு, நெல்லு அவன் வீட்டுல இருக்கு" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்வார். சட்டம் அடுத்தாற்போல் டவுன் வீட்டுக்கும் வரப்போகிறது என்று டீக்கடையில் யாரோ சொன்னதை அப்படியே நம்பியிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஐயா வந்தார். அக்கா தாம்பாளத்தோடு நின்றார். நான் சுவரோரம் நின்றேன். ஐயா வழக்கம்போல் கிணற்றை எட்டிப் பார்த்தார், முருங்கைக்காயைப் பார்த்தார். மூலையைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"வேம்பு! என்னது இது?"

"வாத்துக்குங்க ஐயா. அதைப் பத்தித்தான் உங்ககிட்ட முதல்ல கேக்கலாம்னு..."

"நாலு கால் நட்டிருக்கு, மேல கீத்து வேஞ்சிருக்கு. இதுக்கு ஊர்ல என்ன பேரு? குடிசை."

"முழங்கால் உசரந்தாங்களே."

"இன்னைக்கு முழங்கால் உசரம். ஆடியில இடுப்பு உசரம். தையில ஆளு உசரம். அப்புறம் மேல ஒரு சங்கக் கொடி. நான் பாக்காததா?"

"வாத்து எங்கேங்க கொடி நடப்போகுது?"

"வாத்து நடாது. வாத்தை வச்சிருக்கிறவங்க நடுவாங்க."

அக்கா தாம்பாளத்தை நீட்டினார். "வெத்தலை எடுத்துக்குங்க ஐயா."

"எனக்குப் பல்வலி" என்றார் ஐயா. செருப்பை மாட்டிக்கொண்டு வாடகையைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

அத்தனை வருஷத்தில் அந்தச் சந்தில் வெற்றிலை எடுக்காமல் அவர் போனது அதுதான் முதல் தடவை. வைகாசிக்குள் வேறு வீடு பார்க்க வேண்டியதுதான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நடக்காத மனுஷரையும் ஒரு வாத்தையும் கூட்டிக்கொண்டு அக்கா எந்த வீட்டுக்குப் போவார்? அக்கா அந்த வெற்றிலையைத் தூர எறியவில்லை. ஈரத்துணியில் சுற்றி வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஐயா மறுபடியும் வந்தார். இந்தத் தடவை கையில் ஒரு கற்பூரப் பொட்டலம்.

"வேம்பு, நான் நல்லா யோசிச்சுட்டேன். ஓடு மாத்தித் தர்றேன். சுவத்தைப் பூசித் தர்றேன். வாத்தும் இருந்துட்டுப் போகட்டும். ஈஸ்வரன் கோயிலுக்கு வா. இந்த வீட்டுல என்னைக்கும் பாத்தியதை கேக்க மாட்டேன்னு சொல்லிக் கற்பூரத்தை அணைச்சிடு. அவ்வளவுதான்."

எனக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கேட்டதெல்லாம் ஒரே மூச்சில் கிடைத்துவிட்டதே! வீட்டை அபகரிக்கிற எண்ணம் அக்காவுக்குக் கனவிலும் கிடையாது. பிறகு அணைப்பதற்கு என்ன?

அக்கா கற்பூரப் பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு, "அது மட்டும் வேணாங்க ஐயா" என்றார்.

"ஏன்? மனசுல கள்ளம் இருக்கா?"

"கள்ளம் இருந்தா இந்நேரம் உங்களுக்கு முன்னாடி கோயிலுக்கு ஓடியிருப்பேங்க."

"அப்புறம் என்ன தயக்கம்?"

அக்கா கட்டில் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார். "எங்க ஊர்ல பண்ணைக்காரரு எங்களை எல்லாம் ஐயனார் கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போனாருங்க. சங்கத்துல சேர மாட்டோம்னு கற்பூரத்தை அணைக்கச் சொன்னாரு. இவரு அணைச்சாரு. அந்தச் சத்தியத்துக்குப் பயந்து சேரவே இல்ல. கூட வேலை செஞ்சவங்க எல்லாம் கருங்காலின்னு ஏசினாங்க, அப்பவும் சேரல. மறு அறுப்புக்கு வெளியூரு ஆளை இறக்கிட்டு எங்க குடிசையை எல்லாம் பிரிச்சாங்க. அணைச்சவன் குடிசை, அணைக்காதவன் குடிசைன்னு தரம் பாக்கலைங்க. மனுசருக்கு மனுசரு நம்பிக்கை இல்லாத எடத்துல சாமியைக் கொண்டாந்து நிறுத்தினா, கடைசியில சாமிக்குத்தான் அவமானம்."

ஐயா பொட்டலத்தைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். நான் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "அக்கா, ஒரு கற்பூரந்தானேக்கா" என்றேன்.

"மலரு, சாமியை நாம கும்பிடணும். ஜாமீனுக்குக் கூப்பிடக் கூடாது" என்றார் அக்கா.  பிறகு எத்தனையோ தடவை கோயிலில் கற்பூரத் தட்டு முன்னால் நிற்கும்போது அந்த வார்த்தை எனக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

ஐயா பொட்டலத்தை மடியில் சொருகிக்கொண்டு கிளம்பப் பார்த்தார். அக்கா வழிமறித்த மாதிரி நின்றார்.

"ஐயா, என் பேச்சுல நம்பிக்கை இல்லைன்னா உங்க கண்ணை நம்புங்க. அந்தக் குடிசையை உங்க கையாலயே பிரிச்சுப் போடுங்க. ஆளு வச்சு, நீங்களே கூட நின்னு ஓட்டை மாத்துங்க. ஒரு ஓட்டைக்கூட நான் தொட மாட்டேன். நாளைக்கு யாரு கேட்டாலும், இந்த வீட்டுக்கு மராமத்துப் பண்ணினது சிவசாமி ஐயாதான்னு இந்தச் சந்தே சொல்லும்."

ஐயா மூக்குப்பொடி டப்பியை எடுத்துத் தட்டிக்கொண்டே நின்றார். இவர்களைக் காலி பண்ணச் சொன்னால் வீடு பூட்டிக் கிடக்கும். பூட்டிக் கிடக்கிற வீட்டில் யாராவது புகுந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்று அவருக்கு இன்னும் பெரிய பயம். கடைசியில், "சரி, ஓட்டை மாத்துறேன். ஆனா வாத்து கூடாது. குடிசை கேக்குற எந்தச் சீவனும் என் மனையில கூடாது. வேலை முடியிற அன்னைக்கு அது போயிடணும். அப்பத்தான் வெத்தலை" என்றார்.

குச்சிகளை அவரே பிடுங்கினார். கீற்றை அவரே இழுத்து வெளியே போட்டார். வாத்து கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. அண்ணன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் இளையபெருமாள் கொத்தனார் வந்தார். ஐயா தூக்குச்சட்டியில் சோறு கட்டிக்கொண்டு வந்து கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார். அக்கா ஓட்டைத் தொட்டுவிடக் கூடாது என்று புது ஓட்டை எல்லாம் அவரே ஏணிவரை சுமந்தார். சாந்து குழைக்கத் தண்ணீரும் அவரேதான் இறைத்தார். அறுபதை நெருங்கிய மனுஷர், வேர்த்துக் கொட்டியது.

"ஐயா, தண்ணியையாவது அந்தம்மாவை இறைக்கச் சொல்லலாமே? இல்ல, குடத்துக்கும் பட்டா கேட்டுருவாங்களா?" என்று கூரைமேல் இருந்து கொத்தனார் கேட்டார்.

"நீ ஓட்டைப் பாரு. வாயால வேலை செய்யாதே."

"நான் வாயால செய்யிறேன், நீங்க கையால செய்யிறீங்க. யாருக்குங்க கூலி?"

அக்கா வீட்டில் இருந்தால்தானே தொடுவதற்கு? ஆலைக்குப் போய்விட்டார். கொல்லையில் ஐயாவும் அண்ணனும் வாத்தும்தான். நான் சுவருக்கு இந்தப் பக்கம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

உச்சி வேளைக்கு ஐயா தூக்குச்சட்டியைத் திறந்தார். அந்தச் சமயம் பார்த்து வாத்து போய்ச் சாந்துத் தொட்டியில் இறங்கிவிட்டது. குழைத்து வைத்த சாந்தில் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டது.

"ஏய் செல்லி! எந்திரிச்சு வாடி! அது என்ன உங்கப்பன் வெட்டின குளமா?"

அண்ணன் போட்ட சத்தத்தில் கூரைமேல் கொத்தனார் திரும்பிப் பார்த்தார். ஐயா கையில் எடுத்த சோற்றை வாயில் போடாமல் உட்கார்ந்திருந்தார். அந்த மனுஷர் இவ்வளவு சத்தம் போடுவார் என்று அவர் நினைக்கவே இல்லை.

வாத்து எழுந்து உடம்பெல்லாம் சாந்தோடு ஆடி ஆடி நேரே ஐயாவிடம் வந்து நின்றது. அவர் சட்டியைப் பார்த்தது.

"தயிர்ச்சோறுன்னா விடாதுங்க" என்றார் அண்ணன். விழுந்த பிறகு ஒரு மனுஷரைப் பார்த்து அவர் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

ஐயா கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு உருண்டையைத் தள்ளி வைத்தார். அது சாப்பிட்டது. "திங்கிற வேகத்தைப் பாரு. என் நிலத்தையும் இப்படித்தான் தின்னுட்டான்" என்றார்.

"யாருங்க?"

"பஞ்சநாதன்."

பிறகு ஐயா தன் நிலத்தின் கதையை ஆரம்பித்தார். பதிவு பண்ணின கதை, ஆபீசுக்கு நடந்த கதை, குத்தகை வருஷத்துக்கு வருஷம் இளைத்துக்கொண்டே வருகிற கதை. சந்தில் எல்லாரும் ஏற்கெனவே கேட்ட கதைதான். யாரும் முழுசாகக் கேட்டதில்லை. அண்ணன் முழுசாகக் கேட்டார்.

"இப்ப அதுல என்ன போட்டிருக்குங்க?" என்று கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? நான் அந்தப் பக்கம் போறதில்ல. போனா வயிறு எரியும்."

"போய்ப் பாருங்க."

"எதுக்கு?"

அண்ணன் வாத்தின் முதுகில் ஒட்டிய சாந்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "எங்க குடிசையைப் பிரிச்சப்புறம் ரொம்ப நாளு நான் தூங்கலைங்க. கண்ணை மூடினா கீத்தை இழுக்குற சத்தம்தான். ஒரு நாளு பஸ் ஏறிப் போய்ப் பாத்தேன். எங்க அடுப்பு இருந்த எடத்துல பூசணிக்கொடி ஓடியிருந்துச்சு. பெரிய பெரிய பூவு. யாரு போட்டதோ. பாத்துட்டு வந்தேன். அன்னைக்குத்தான் தூக்கம் வந்துச்சு."

ஐயா தூக்குச்சட்டியை மூடினார்.  முந்தின நாள் தன் கையாலேயே கீற்றை இழுத்துப் போட்ட மூலையை ஒரு தடவை பார்த்தார். அதை நான் கவனித்தேன்.

மறுநாள் ஐயா வரவில்லை. கொத்தனார் தனியாகவே சுவர் பூசினார். "காவல்காரரு எங்கே?" என்று சிரித்தார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடு முடிந்துவிட்டது, சுவரும் முடியப்போகிறது. ஐயா சொன்ன கெடு வந்துவிட்டது. வாத்தை என் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற வாத்துக்கிட்ட அவரு எப்படிடி பேசுவாரு?" என்று கேட்டுவிட்டு, அக்கா கோயிலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டதற்கு, "ஒண்ணும் கேக்கல. அவருக்கே தெரியும்னு சும்மா உக்காந்திருந்தேன்" என்றார்.

அதற்கு அடுத்த நாள் காலை ஐயா வந்தார். தலையில் ஏதோ பெரிதாகக் கவிழ்த்துக்கொண்டு வந்தார். சந்தில் எல்லாரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது, அது கோழியைக் கவிழ்த்து வைக்கிற மூங்கில் கூடை. பஞ்சாரம்.

கொல்லையில் அதை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். "பஞ்சநாதன் வயக்காட்டுல உளுந்து பிடுங்கிக்கிட்டிருந்தான்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அக்காவைப் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை. "என்னைப் பாத்ததும் முன்னெல்லாம் தோள் துண்டைக் கையில எடுத்துக்குவான். இப்ப எடுக்கல. துண்டோடயே நின்னான். வாங்க, மோரு குடிங்கன்னான்."

"குடிச்சீங்களா?" என்று அண்ணன் கேட்டார்.

"குடிச்சேன். மோரு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் ஐயா. "நல்லா வச்சிருக்கான்யா நிலத்தை. நான் வச்சிருந்ததைவிட."

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அக்கா பக்கம் திரும்பினார். "இந்தா பாரு வேம்பு. இது என் வீட்டுப் பஞ்சாரம். இதுக்குக் காலு கிடையாது, தரையில நடல. தூக்கினா தூக்கிட்டுப் போற எடத்துக்கு வரும். வாத்து இதுல இருக்கட்டும். கீத்து கூடவே கூடாது."

"கீத்து கூடாதுங்க" என்றார் அக்கா.

"முட்டையில பாதி எனக்கு."

"அப்ப வாத்தைக் குத்தகைக்கு விடுறீங்களாங்க?" என்று கூரை ஓரத்தைப் பூசிக்கொண்டிருந்த கொத்தனார் கேட்டார்.

ஐயாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "குத்தகையும் வேணாம், ஒண்ணும் வேணாம். முட்டையை நீங்களே தின்னுங்க. யாரும் அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க!"

கொத்தனார் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அக்கா உள்ளே ஓடித் தாம்பாளத்தை எடுத்து வந்தார். வெற்றிலை ஓரமெல்லாம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. ஐயா அதைத் தொடையில் துடைத்து, சுண்ணாம்பு தடவி வாயில் போட்டுக்கொண்டார். பல்வலி பற்றி யாரும் கேட்கவில்லை. அதன் பிறகு அந்த வீட்டில் அவர்கள் பல வருஷம் இருந்தார்கள். வீட்டுக்குப் பாத்தியதை கேட்டு யாரும் எந்த ஆபீசுக்கும் போகவில்லை. ஐயா மட்டும் சித்திரைக்குச் சித்திரை வருவது போய், நினைத்தபோதெல்லாம் வந்து கிணற்றடியில் உட்கார ஆரம்பித்தார். நிலத்துக் கதையைச் சொல்ல ஆள் கிடைத்துவிட்டதே.

ஆனி மாதம் மேட்டூரில் தண்ணீர் திறந்து, கல்லணை தாண்டி குடமுருட்டி ஆற்றில் தண்ணீர் வருகிறது என்று சந்தில் எல்லாரும் ஓடினார்கள். நானும் பூ எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. அண்ணன் ஒரு கையில் கம்பு, இன்னொரு கக்கத்தில் வாத்து என்று வாசற்படி இறங்கிக்கொண்டிருந்தார்.

"மெதுவாப் போவோமா?" என்றார் என்னிடம்.

படித்துறைவரை மெதுவாகத்தான் போனோம். நுரையும் சருகுமாகப் புதுத் தண்ணீர் மணலை நனைத்துக்கொண்டு வந்தது. எல்லாரும் பூவைத் தூவிக் கும்பிட்டார்கள். அண்ணன் வாத்தைப் படியில் இறக்கி விட்டார். அது தண்ணீரைப் பார்த்தது. பின்னால் நகர்ந்து அவர் கால்மேல் ஏறி நின்றுகொண்டது.

"அடிப்பாவி! ஆத்தைக் காட்டலாம்னு இடுப்பு வலியோட இவ்வளவு தூரம் நடந்து வந்தா, பயப்படுறியே. நீயெல்லாம் ஒரு வாத்தா?"

பக்கத்தில் குளிக்க இறங்கின வெளியூர் ஆள் ஒருவர் சிரித்தார். "நாலஞ்சு மாசமா கிணத்துத் தண்ணிதாங்க இதுக்கு. அதான்" என்று அண்ணன் அவரிடம் சமாதானம் சொன்னார். "நீங்க எந்த ஊருங்க? உங்க பக்கம் நாத்து விட்டாச்சா?"

அந்த ஆள் ஏதோ சொன்னார். அண்ணன் மேலே கேட்டார். எந்த வாய்க்கால், என்ன ரகம், ஆள் கிடைக்கிறதா என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. யாரோ போய்ச் சொல்லி, அக்கா ஆலையிலிருந்து ஓடி வந்தார். காலெல்லாம் தவிட்டுப் புழுதி. படித்துறைமேல் மூச்சிரைக்க வந்து நின்றவர் அண்ணனைக் கூப்பிடவில்லை. என்னையும் கூப்பிட வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, அவர் பேசி முடிக்கட்டும் என்று அங்கேயே நின்றார்.